அம்மாவால் அழிக்க முடியாத படம்

மறுநாள் ஹிமேனா கணவனோடு ஸ்பெயினுக்குக் குடிபெயர்கிறாள். கையோடு கொண்டுபோக அம்மாவின் படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. டிஜிட்டல் கேமராவில் எடுத்தால், அம்மா நெலிடா உடனே பிடுங்கிப் பார்த்து, "ஐயே, கழுத்து தொங்குது" என்று அங்கேயே அழித்துவிடுவாள்.

வெளியே மழை. மழை வந்தால் அவர்கள் ஊரான மொன்டெவிடியோவில் அப்பம் பொரிக்க வீட்டுக்கு வீடு எண்ணெய் காயும். அம்மா அப்பம் பொரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய பழைய ஃபிலிம் கேமராவை எடுத்து, லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்பி, முகம் தெளிந்ததும் ஹிமேனா அழுத்தினாள். கனமான, நிறைவான 'க்ளிக்'.

"குடுடி, பாப்போம்."

அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் கருப்புத் தோல்.

"படம் எங்கடி?"

"உள்ள இருக்கும்மா. மாட்ரிட்ல போய்க் கழுவினாத்தான் தெரியும்."

"அழிக்கிற பட்டன்?"

"இதுல அது கிடையாது."

"அடி திருட்டுக் கழுதை! இதுக்குத்தான் இத வாங்கினியா?"

கேமராவைத் திருப்பிக் கொடுத்த அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுப்பைப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். ஹிமேனா அவசரமாகச் சுருளை அடுத்த படத்துக்கு நகர்த்தினாள். இன்னும் முப்பத்தைந்து படங்கள் எடுக்க மீதி இருந்தன.