இழுப்பறையில் ஏழாண்டு

தையற்காரியின் கண்கள் மஞ்சளித்திருந்தன. "ஊருக்கெல்லாம் நிறம் பார்த்துத் தைக்கிறவ, உன் கண்ணுக்கு இந்த நூல்தான் கிடைச்சுதா?" என்று கேலி பேசியபடியே தங்கை அவளை மருத்துவமனைக்கு அழைத்து வந்தாள். கேலிக்கு அடியில் நடுக்கம் இருந்தது.

எச்.ஐ.வி. பிரிவின் மருத்துவர் இரத்த அறிக்கையை இருமுறை படித்தார்.

"உங்களுக்கு ஹெபடைடிஸ் பி-யும் இருக்கும்மா. பழைய மாத்திரை ரெண்டு கிருமியையும் அடக்கி வச்சிருந்துச்சு. அது சிறுநீரகத்தைப் பாதிக்குதுன்னு போன மாசம் மாத்தினேன். கல்லீரல் கிருமி கட்டவிழ்ந்துடுச்சு. தெரிஞ்சிருந்தா மாத்தியிருக்கவே மாட்டேன். கோப்புல ஒரு வரிகூட இல்லையே!"

இல்லைதான். நோயாளியிடம் சொன்ன பிறகே பரிசோதனைச் சீட்டைக் கோப்பில் சேர்ப்பது அந்தப் பிரிவின் வழக்கம். சொல்லும் பொறுப்பு ஆலோசகருடையது. மருத்துவர் அழைத்துக் கேட்டதும் அவர் போய்த் தம் இழுப்பறையைத் திறந்தார். ஏழாண்டுப் பழைய சீட்டு மடிப்புக் குலையாமல் வெளிவந்தது.

"அன்னைக்கு நீ இருந்த நிலைமையில ஒரு இடியே போதும்னு நெனச்சேன், தங்கம். அப்புறமா சொல்லலாம்னு..."

"அந்த அப்புறம் ஏழு வருஷமாவா அக்கா வரல?" என்றாள் தையற்காரி.

அக்கா! எச்.ஐ.வி. என்று தெரிந்து பெற்றவள் கதவடைத்த நாளில் தோள் கொடுத்தவர் அவர். பகைவர் மறைத்திருந்தால் எதிர்த்து நின்றிருப்பாள், மறைத்தது அன்பு. இரக்கம் என்று பெயர் சூட்டிவிட்டால், ஒருத்தியின் உடலை அவளுக்கே அந்நியமாக்கலாமா? தாங்குவாளா என்று அவளைக் கேளாமலே தீர்ப்பெழுத இந்த மேசைக்கு உரிமை தந்தவர் யார்?

"பழைய மருந்தை அளவு பார்த்து இன்னைக்கே ஆரம்பிக்கிறேன். வார்டுல சேருங்க, காப்பாத்திடலாம்" என்றார் மருத்துவர். "வீட்டுல வேற யாரு? இதுக்குத் தடுப்பூசி இருக்கு."

தையற்காரி தங்கையின் கையைப் பிடித்து மருத்துவர் முன் நீட்டினாள்.

"தடுப்பூசி இருக்கா? எனக்குத் தையல் ஊசி குத்தி ரத்தம் வந்தா வெறுங்கையால துடைச்சுக் கட்டுப் போடுறதே இவதான் டாக்டர்!"

தங்கை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடு, தங்கம்" என்று ஆலோசகர் கை நீட்டினார். தையற்காரி அந்தக் கையிலிருந்து சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். ரவிக்கை ஓரத்தில் எப்போதும் குத்தியிருக்கும் குண்டூசியை உருவி, சீட்டைக் கோப்பின் முதல் பக்கத்தில் குத்தினாள்.

"முதல்ல இவளுக்கு ரத்தம் எடுங்க டாக்டர். சீட்டு வந்ததும் இவ கையிலயே குடுங்க. தாங்குவாளா மாட்டாளான்னு இவளே சொல்லட்டும்."