கட்டிலில் காய்த்த போர்தோ

2003 மார்ச்சில் துபாய் கராமாவில் ஒரு பேச்சிலர் அறையின் இரும்புக் கட்டில் துளிர்விட்டது. அந்த மாதம் வெங்காயம் விலை ஏறியிருந்ததால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

அந்த அறையில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. ஊர்தான் பெயர். ஹோட்டலில் பரிமாறும் சோலையப்பன் ‘பரமக்குடி’, துணிக்கடை ஹசன் அலி ‘கீழக்கரை’, கொத்தனார் பாண்டித்துரை ‘முதுகுளத்தூர்’. பரமக்குடிக்கு அப்போது ஒரு கண்டம். பிரெஞ்சு ஒயின் பரீட்சையில் தேறாவிட்டால் விசா கேன்சல். ஒயின் வாசமே ஆகாத மனிதர், டூட்டி முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து பாடத்தை உருப்போட்டார். உருப்போட்டதெல்லாம் கட்டிலில் இறங்கி வேர்பிடித்துவிட்டது.

“எந்தத் திராட்சைன்னு பாட்டில்ல போடவே மாட்டேங்கிறான். போர்தோங்கிறான், பர்கண்டிங்கிறான், ஷாப்ளிங்கிறான். பாத்தா எல்லாம் ஊருப் பேரு!”

“ஒன்னைய மட்டும் பேரச் சொல்லியா கூப்புடுறோம்? படி பரமக்குடி,” என்றார் கீழக்கரை.

திராட்சைக் கொடி பாடத்தில் உள்ளபடியே காய்த்தது. இரட்டை அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் தடித்தோல் கேபர்நே சோவின்யோன், கீழ்த்தட்டில் முந்திப் பழுக்கும் மெர்லோ. இரண்டும் சேர்ந்தால் போர்தோ. ஏசி ஓரத்தில் தனிக்கட்டிலில் பினோ நுவார். தோல் மெலிசு, ஏசி நின்றால் முகம் வாடும், அது சிவப்பு பர்கண்டி. ஜன்னலில் வெள்ளை பர்கண்டிக்கான ஷார்டொனே. கீழக்கரை பிஸ்மி சொல்லித் தினமும் ஒரு கொத்து தின்றார். “பாட்டிலுக்குள்ள போனாத்தானே ஹராம்? பழம் என்ன செஞ்சிச்சு?”

பரீட்சையில் ஹோட்டலின் பிரெஞ்சு மேனேஜர் கேட்டதற்கெல்லாம் பரமக்குடி கட்டில் கட்டிலாக நினைத்துப் பதில் சொன்னார். கடைசியில், “ஷாப்ளி?” என்றார் மேனேஜர். அறையில் மிச்சக் கட்டில் இல்லை. அப்போது கொத்தனார் பாண்டித்துரை ஞாபகத்துக்கு வந்தார்.

“அதுவும் ஷார்டொனேதான் சார். சைட்ல மதராஸி, ரூம்ல முதுகுளத்தூர், ஆளு ஒண்ணுதான்.”

மேனேஜருக்குப் பின்பாதி விளங்கவில்லை. முன்பாதி சரியாக இருந்ததால் பாஸ் போட்டார். பிறகு ஒருநாள் அறைக்கு வந்து கொடியைப் பார்த்தார். இதைப் பிழிந்தால் எங்கள் முறைப்படி பெயர் ‘கராமா’தான் என்றார். “பிழிய யாரு விட்டா?” என்றார் கீழக்கரை.

அடுத்த வருஷம் லீவில் சோலையப்பன் பரமக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கினார். டீக்கடையில் எல்லாரும், “வாய்யா துபாய்!” என்றார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். கராமா அறைக் கொடியில் இப்போது லுங்கி காய்கிறது. பழம் சீசனுக்கு வருகிறது.