மேல் லைனுக்குப் பதிமூன்று அடி

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் தேவகுமாரி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, உபதேசியார் பெரியநாயகம் கோயில் நோட்டைத் தொடைமேல் விரித்துக் கண்ணாடியை மாட்டினார். பதினொரு மணிக்கு அடக்கம். அதற்குள் நோட்டில் ஏற்றிவிட வேண்டும். செத்தாலும் எழுத்துவேலை விடாது.

"பேரு மரியஜோசப்பு. வயசு எழுபத்தெட்டு. வேலை, கோயில்பிள்ளைன்னே போட்டுக்கறேன். நாப்பது வருசம் மணியடிச்ச மனுசனாச்சே. சொந்த ஊரு எதுன்னு போடட்டும் கண்ணு?"

முடிச்சு அவள் கையில் நழுவியது. வாசலில் நின்ற தம்பி மேக்ஸ்வெல் முந்திக்கொண்டான்.

"ஏற்காடுன்னு போட்டுக்குங்க."

"ஏற்காடு எல்லாத்துக்கும் பொதுங்க தம்பி. ஊருன்னா அப்பன் பாட்டன் இருந்த எடமுங்க."

"அப்ப இந்த மேல் லைனைப் போடுங்க."

"இது எஸ்டேட்டு கட்டிக் கொடுத்த லைன் ஊடு. இதைப் போயி ஊருன்னு எழுத முடியுங்களா?"

பெரியநாயகம் கெட்டவரில்லை. எழுபது வருடமாக அந்த நோட்டில் யார் எழுதினாலும் ஒரு ஊர் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் பார்த்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டு அடுத்த வரிக்குப் போனார். தேவகுமாரிக்கு அந்த வெள்ளை இடம் நெஞ்சில் குத்தியது. ஏனென்றால் அதைக் காலியாக்கியவள் அவள்தான்.

மரியஜோசப்பை நாலைந்து வயதில் சேலம் ரயிலடியிலிருந்து தூக்கி வந்தவர் பிரெஞ்சு சாமியார். பையனுக்குத் தன் பெயர்கூடத் தெரியவில்லை. சாமியார் பெயர் வைத்தார், சோறு போட்டார். ராத்திரி தூங்க மாட்டேனென்று அழுதவனுக்குச் சொல்ல அவரிடம் வேறு கதை இல்லாததால் தன் ஊரைச் சொன்னார். வால்மூரே. மொத்தம் நாற்பத்தொரு வீடு. மேற்கே ஆறு, அதில் ஒரு கல்பாலம். பாலத்தடியில் மாவு ஆலை, மேட்டில் கோயில், வடக்கே கஷ்கொட்டைக் காடு. முதல் உலகப் போருக்குப் போனவர்கள் இருபத்திரண்டு பேர், திரும்பியது ஏழு பேர். அந்த வருடம் அறுப்பை முழுக்கப் பெண்களே முடித்தார்கள்.

சேலத்தைத் தாண்டி எங்கும் போகாத மரியஜோசப்புக்கு வால்மூரேவில் எந்த வீட்டுக் கிணறு உப்பு, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை அத்துப்படி. தன் பிள்ளைகளுக்கும் 'நம்மூரு' என்றுதான் சொல்வார்.

பத்து வயதில் பள்ளியில் 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். தேவகுமாரி மூன்று பக்கம் எழுதினாள். டீச்சர் அதை உரக்கப் படித்துவிட்டு, "இந்தப் புள்ளை பிரான்சுல இருந்து தெனமும் ஜீப்புல வருதாட்ட இருக்குது" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்தாள்.

"அது உங்க ஊரும் இல்ல, எங்க ஊரும் இல்ல. நமக்கு ஊரே கெடையாது. இனிமே அதைச் சொல்லாதீங்க!"

விறகு பிளந்துகொண்டிருந்த அப்பா கோடாலியைக் கீழே வைத்தார். "செரி கண்ணு" என்றார். அதோடு சரி. அதற்குப்பின் வால்மூரே என்ற சொல் அவர் வாயில் வந்தது ஒரே ஒரு நாள்தான்.

அது மறுவருடம், பிரெஞ்சு சாமியார் இறந்த நாள். வால்மூரேவில் துக்க மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஓர் அடி. ஒவ்வொரு வீட்டின் பேரையும் வாய்விட்டுச் சொல்லித்தான் கயிற்றை இழுக்க வேண்டும். தனித்தனியாகக் கதவைத் தட்டிச் சொல்வதற்குச் சமம் அது. அப்பா இங்கே கயிற்றைப் பிடித்து, அந்த ஊர் வீடுகளின் பேரையே சொல்லி, ஆலை வீட்டில் ஆரம்பித்து வரிசையாக மேலே போனார். பாலத்துக்கு அப்பால் மூன்றாவது வீடு வந்ததும் கயிற்றை இழுக்காமல், ஓர் அடிக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் பிடித்தபடி நின்றார்.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க?"

"இது சாமியார் பொறந்த ஊடு. செத்தவங்க ஊட்டுக்கு மணி அடிக்கறதில்ல கண்ணு. அவுங்களுக்குத்தான் முன்னமே தெரியுமே."

நாற்பது அடி அடித்து முடித்தார். அழவில்லை.

"அக்கா, மணிக்கு என்ன பண்றது?" என்று வாசலில் நின்றபடியே மேக்ஸ்வெல் கேட்டான். "இப்பெல்லாம் ஸ்பீக்கர்ல ரெக்கார்டு போட்டுடறாங்க. அதையே போடச் சொல்லீரட்டுமா?"

அவள் பதில் சொல்லுமுன் சென்னம்மாள் தூக்குப்போசியில் காப்பியோடு உள்ளே வந்தாள். லைனில் முதல் வீடு அவளுடையது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள். சேர்வராயனைக் கும்பிடுகிறவள்.

"ரெக்கார்டா? அதெப்படி? பதிமூணு அடிக்கோணுமே, அதுல கணக்கா வருமா?"

"பதிமூணா?" என்றார் பெரியநாயகம். "எங்க வழக்கத்துல அப்பிடி ஏதுங்கம்மா?"

"எனக்கென்னங்க தெரியும் உங்க வழக்கம்? என்ற ஊட்டுக்காரரு போனப்ப இந்த அண்ணன் பதிமூணு அடிச்சாருங்க. வேற சாமி கும்பிடறவங்களுக்கு எதுக்குங்கண்ணான்னு கேட்டேன். லைனுக்குச் சொல்லோணுமல்ல தாயின்னாரு. மருதாயி மாமியா போனப்பவும் பதிமூணு. இந்த லைன்ல யாரு செத்தாலும் பதிமூணுதான். நீ கல்யாணமாயிக் கீழ போயிட்ட, உனக்கெங்க தெரியும்?"

தேவகுமாரி காப்பியை வாங்கவில்லை. வாசலுக்கு வந்து லைனைப் பார்த்தாள். தண்ணிக் குழாயடியில் சென்னம்மாள் வீடு. அடுத்தது சின்னத்தம்பி; நேற்று மாலை சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைத் தன் ஜீப்பில் ஏற்றி வந்தவர். அதற்குமேல் மருதாயி. ஒவ்வொன்றாக எண்ணினாள். கடைசியாக, மேட்டில், சில்வர் ஓக் மரத்தடியில் அப்பாவின் வீடு.

பதினான்கு.

அப்பாவுக்கு அவள் ஊர் இல்லாமல் பண்ணிவிட்டதாக இத்தனை வருடம் நினைத்திருந்தாள். மனுஷன் சத்தமில்லாமல் இன்னொன்றை வைத்திருந்திருக்கிறார். முட்டிக்கொண்டு வந்த அழுகையை அவள் அடக்கவில்லை. காலையிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக அழுதாள். சென்னம்மாள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஸ்பீக்கரு வேண்டாம்ங்க, நான் அடிக்கறேன்" என்றாள் தேவகுமாரி உபதேசியாரிடம். "நோட்டையும் எடுத்துக்கிட்டு வாங்க."

கோயில் லைனுக்கு எதிர் மேட்டில் இருந்தது. மணிக்கயிறு நாலைந்து வருடமாகக் கை படாமல் விறைத்துக் கிடந்தது. அவள் செருப்பைக் கழற்றி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எதிரே பதினான்கு ஓட்டுக்கூரைகளும் தெரிந்தன.

"சென்னம்மா ஊடு."

இழுத்தாள். முதல் அடி கொஞ்சம் பிசிறியது. குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சின்னத்தம்பி அண்ணன் ஊடு."

"மருதாயி அக்கா ஊடு."

ஒவ்வொரு பேருக்கும் ஓர் அடி. பூட்டிக் கிடந்த வீட்டையும் விடவில்லை. உள்ளங்கை எரிந்தது. பெரியநாயகம் வாய்க்குள் எண்ணிக்கொண்டு நின்றார். பதிமூன்றாவது, மல்லிகா வீடு. அந்த ஓசை பள்ளத்தில் இறங்கி, காப்பிச் செடிகளுக்குள் போய் அடங்கியது.

அடுத்து மேட்டு வீடு. வாசலில் சாமியானா போட்டுக்கொண்டிருந்தார்கள். தேவகுமாரி கைகளை மேலே கொண்டுபோய்க் கயிற்றைப் பற்றினாள். இழுக்கவில்லை.

"ஏங்கண்ணு நிறுத்திட்ட?" என்றார் பெரியநாயகம்.

அவள் மேட்டு வீட்டையே பார்த்தாள். ஓர் அடிக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அப்படியே நின்றாள்.

பெரியநாயகம் அவள் பார்த்த பக்கம் பார்த்தார். பிறகு நோட்டைக் கோயில் சுவர்மேல் வைத்து, காலியாக விட்டிருந்த இடத்தைத் தேடி, பேனா மூடியைக் கழற்றினார்.