அரை ஜாடிப் புருஷன்

எரிந்து முடிந்த வீட்டைக் கழுவக் கூடாது, நனைக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாதவன் குழாயைத் தொடவே கூடாது என்பது மேகத்தின் கட்சி. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. காட்டுத்தீ தின்றுவிட்டுப் போன தெருக்களில் இடிபாடு அள்ளும் கூட்டத்தில் எந்நேரமும் குழாயும் கையுமாக நின்றதால், மேகம் என்றே ஆகிவிட்டது.

மண்வாரி எந்திரம் ஒரு வாய் அள்ளினால் போதும், சாம்பல் கிளம்பும். பழைய கல்நார்க் கூரை, சுவர்ப்பூச்சில் இருந்த ஈயம், வெடித்த பேட்டரி என்று நுரையீரலுக்கு ஆகாத சகலமும் அதில் இருக்கும். அது பறக்காமல் தண்ணீர் தூவிக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. மண்வாரி உறுமினால் குழாய் திறக்க வேண்டும், நின்றால் மூட வேண்டும். தூக்கத்தில் பக்கத்து வீட்டு வண்டி உறுமினால்கூட இந்த மனுஷன் போர்வையைப் பிடித்துத் திருகுகிறார் என்று அவர் மனைவி சொல்லாத ஆள் கிடையாது.

அன்று காலை மேஸ்திரி அவரைத் தனியாக அழைத்தார். மேஸ்திரி ஒரு கடுகடுப்பான பெண்மணி. சிரித்தால் அபராதம் என்று யாரோ சொல்லி வைத்தது போல இருப்பார்.

"அண்ணே, இந்த மனையில நான் சொல்ற வரைக்கும் ஒரு சொட்டு விழக் கூடாது. உள்ள ஆள் இருக்கு."

"ஆளா?"

"தையல்காரம்மாவோட வீட்டுக்காரர். ஜாடியில."

விஷயம் இதுதான். தையல்காரம்மாவின் கணவர் செத்து, எரிந்து, மூன்று வருடமாக ஒரு பீங்கான் ஜாடிக்குள் தையல் மெஷினுக்கு மேலே இருந்த தட்டில் குடியிருந்தார். எங்காவது கொண்டுபோய்க் கரைத்துவிடலாமே என்று பிள்ளைகள் கேட்டபோதெல்லாம், "அவர் உங்களை என்ன பண்றார்? சும்மாதானே இருக்கார்" என்று அந்தம்மா அவர்கள் வாயை அடைத்துவிடுவார். தீ வந்த மதியம் போலீஸ்காரர் கதவைத் தட்டி ஓடச் சொல்ல, அந்தம்மா கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். தெருக்கோடி தாண்டிக் குனிந்து பார்த்தால் கையில் டிவி ரிமோட். டிவிகூட இல்லை.

புருஷனை விட்டுவிட்டு ரிமோட்டோடு ஓடி வந்தவள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று, எச்சரிக்கை நாடாவுக்கு வெளியே நின்றுகொண்டு வருகிற போகிற எல்லாரிடமும் அவரே சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடிகிற இடத்தில் முகம் என்னவோ போல் ஆகிவிடும். வீடு போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாடியில் இருந்தவர் கிடைத்தால் போதும் அவருக்கு.

கிடைக்க வழி இருந்தது. எலும்புச் சாம்பல் வீட்டுச் சாம்பல் போல் இருக்காது. வெளிறிப்போய், நொய் மாதிரி நறநறக்கும். காய்ந்து கிடந்தால் தனியாகத் தெரியும். நனைந்துவிட்டால் எல்லாம் ஒரே சேறுதான்.

மேஸ்திரி முகமூடியும் வெள்ளை உடுப்புமாக உள்ளே போய், தையல் மெஷினின் இரும்புச் சட்டம் மட்டும் நின்ற மூலையில் குனிந்தார். உடைந்த பீங்கான் துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கார்! இங்கதான் இருக்கார்!" என்று கூவினார். தையல்காரம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மேஸ்திரி டப்பா எடுக்க வண்டிப் பக்கம் போனார். அந்த நேரம் பார்த்து, சும்மா உட்கார்ந்திருக்க முடியாத மண்வாரி டிரைவர் சாவியைத் திருப்பித் தொலைத்தார்.

எஞ்சின் உறுமியது. மேகத்தின் கை திறந்தது.

நல்ல வேலைக்காரனிடம் இதுதான் கஷ்டம். தப்பையும் அவன் சுத்தமாகச் செய்துவிடுவான். "அண்ணே! மூடுங்க!" என்று மேஸ்திரி அலறுவதற்குள், வெளிறிய குவியலில் பாதி கரைந்து, கரிச்சேற்றோடு சேர்ந்து, மனையைச் சுற்றி அடுக்கியிருந்த மணல் மூட்டைகளைப் பார்த்து ஓடிவிட்டது.

மேகம் ஓடிப்போய் மண்டியிட்டார். மெஷினின் மிதிபலகைக்கு அடியில் இருந்த பாதி மட்டும் நனையாமல் தப்பியிருந்தது. தூரிகையால் கூட்டி டப்பாவில் சேர்த்தார். அரை டப்பாதான் வந்தது.

டிரைவர் குனிந்து கிசுகிசுத்தார். "மீதிக்கு வேற சாம்பலைப் போட்டு ரொப்பிடலாம்ணே. யார் கண்டா?"

"உங்க அப்பா குறைஞ்சா பக்கத்து வீட்டுக்காரரைப் போட்டு ரொப்புவியா? போடா அந்தப் பக்கம்."

மேகமே டப்பாவை எடுத்துக்கொண்டு நாடா வரைக்கும் போனார். "அம்மா, தப்பு என்னுது. பாதிதான் இருக்கு. மீதியை நான் அடிச்சு விட்டுட்டேன்."

தையல்காரம்மா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். "மூணு வருஷம் ஒரு தும்மல் படாம வச்சிருந்தேனேய்யா. உன் கையை ஒடிக்க!"

மேகத்துக்கு, ஒடித்தால்கூடத் தேவலை என்றுதான் இருந்தது.

"அந்தத் தண்ணி எங்க போகும்?"

"ஆத்துக்கும்மா," என்று டிரைவர் முந்திக்கொண்டார்.

"இல்லம்மா," என்றார் மேகம். "மூட்டை தாண்டாது. சேத்தை அள்ளி, பிளாஸ்டிக்ல சுத்தி, விஷக் குப்பைக் குழியில புதைப்போம்."

"வீடு?"

"வீடும் அங்கதான். சுவர், கூரை, இந்த மெஷின், எல்லாம்."

அந்தம்மா மறுபடி டப்பாவைப் பார்த்தார். "அரை ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இடுப்புக்கு மேலயா கீழயான்னுகூடத் தெரியல." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு. அவர் பாதியும் அங்க போகுது. மீதியை மட்டும் மக வீட்டு ஃப்ரிட்ஜ் மேல வச்சா அவருக்கு இருப்புக் கொள்ளாது. இதையும் அங்கயே சேர்த்துடுங்க. தண்ணியை நானே விடறேன்."

வேடிக்கை பார்ப்பவரை நாடாவுக்குள் விடுவதில்லை என்பது மேஸ்திரியின் சட்டம். அவரே போய் ஒரு வெள்ளை உடுப்பை எடுத்து வந்தார். அதில் இரண்டு தையல்காரம்மாக்கள் தாராளமாகப் புகலாம். "இந்தத் தையலை எவன் போட்டான்?" என்று திட்டிக்கொண்டே அந்தம்மா மாட்டிக்கொண்டார். மேகம் முகமூடியின் வாரை இறுக்கிவிட்டு, குழாயைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

டப்பாவில் இருந்ததை மெஷினின் காலடியில் கொட்டிவிட்டு, அந்தம்மா நின்று பேசினார். வெகுநேரம் பேசினார். முகமூடிக்குள் என்ன பேசினார் என்று யாருக்கும் கேட்கவில்லை. தலை ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் திட்டாகத்தான் இருக்க வேண்டும். முகமூடிக் கண்ணாடியின் உள்ளே மூடுபனி கட்டிவிட்டது. கடைசியில் மட்டும் குரல் உயர்ந்து வெளியே வந்தது.

"அன்னிக்குச் சொல்லாம கிளம்பிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. போயிட்டு வாங்க."

குழாயை வாங்கி அவரே திறந்தார். வெளிறிய பொடி கரைந்து மெல்ல நகரத் தொடங்கியது. பின்னாலேயே இரண்டடி போனார்.

"வந்துடாதீங்க," என்றார். "வீடு இல்ல."