சலவை சிஸ்டருக்கு ஒரு சாட்சி

தபால்காரரின் வலது காலை வியாழக்கிழமை காலையில் வெட்டி எடுப்பதாக முடிவாகியிருந்தது. தொடையில் இரண்டு வருடமாக ஆறாத சீழ்ப்புண். திங்கட்கிழமை எடுத்த எக்ஸ்ரேயில் தொடையெலும்பு நான்கு விரற்கடை நீளத்துக்குக் கரையான் தின்ற கட்டைபோலக் கிடந்தது. வியாழனன்று, எந்த இடத்தில் வெட்டுவது என்று பார்க்க இன்னொரு படம் எடுத்தார்கள். அதில் எலும்பு முழுசாக இருந்தது.

இரண்டு படங்களையும் எடுத்தவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை அவளை எக்ஸ்ரே அக்கா என்றே கூப்பிடுவார்கள். வியாழனன்று எடுத்த பிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டியபோது அவளாலேயே நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை எடுத்தாள். அதே முழு எலும்பு. மேசையில் படுத்திருந்த தபால்காரர், "என்னம்மா, மறுபடியும் மறுபடியும் எடுக்கறீங்க? இன்னும் மோசமாயிடுச்சா?" என்று கேட்டார். அவள் பிலிமோடு டாக்டரிடம் ஓடினாள். காலை வெட்டுவது நின்றது, கொஞ்ச நாளில் புண்ணும் ஆறிவிட்டது.

திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவில் நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை தபால்காரரின் மனைவி, சலவை சிஸ்டரின் பழைய முந்தானைத் துணியிலிருந்து ஒரு துண்டைப் புண்மேல் வைத்துக் கட்டி, விடிய விடிய ஜெபம் செய்தாள். சலவை சிஸ்டர் இதே ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் ரத்தக் கறை படிந்த படுக்கை விரிப்புகளைத் துவைத்த கன்னியாஸ்திரி. இறந்து நாற்பது வருடம் ஆகிறது. ஊர் மக்களுக்கு அவர் எப்போதோ புனிதர் ஆகிவிட்டார். திருச்சபையின் முத்திரைதான் பாக்கி, அதற்கு அவர் பேரால் ஓர் அற்புதம் நிரூபணமாக வேண்டும்.

அந்த முத்திரைக்காக ஒரு வருடம் கழித்து மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள். ஒரு பாதிரியார், ஒரு வழக்கறிஞர், வெளியூரிலிருந்து வரவழைத்த எலும்பு டாக்டர். எதையும் சுலபத்தில் நம்பாமல் கிளறிப் பார்ப்பதுதான் எலும்பு டாக்டருக்குக் கொடுத்த வேலை. அதை அவர் குறைவில்லாமல் செய்தார்.

"அந்தத் திங்கக்கிழமை இன்னொருத்தருக்கும் வலது தொடையைப் படம் எடுத்திருக்கீங்க. அவருக்கு எலும்பு நோய். அவரோட படத்துல தபால்காரர் பேரை ஒட்டியிருக்கலாம் இல்லையா?"

"இல்ல சார்."

"மனுஷங்கதானே? கை தவறும்."

"பிலிம் மேல ஈய எழுத்துல பேரை வெக்காம நான் பொத்தானை அமுக்கினதே இல்ல சார். இருபத்திரண்டு வருஷமா."

"அது உங்க வாய் வார்த்தை. புண்ணு மருந்துல ஆறியிருக்கும். எலும்பு கெட்டே போயிருக்காது. படம்தான் மாறிப்போச்சு."

அந்த இன்னொருவர் இறந்துபோய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை.

நடைக்கூடத்தில் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அவளை ஓரமாக நிறுத்தினார். "தப்பு நடந்திருக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடும்மா. யாரும் உன்னை ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"நடக்காததை நடந்துச்சுன்னு எப்படி சார் சொல்றது? அப்படின்னா என் தப்பால ஒரு மனுஷன் காலையே வெட்ட இருந்தாங்கன்னு ஆகும்."

வீட்டில் அவள் கணவர் சமாதானம் சொன்னார். "விடு, சலவை சிஸ்டர் பாத்துக்குவாங்க."

அவள் கோயிலுக்குப் போவாள், வருவாள், அவ்வளவுதான். பெரிய பக்தி கிடையாது. "தபால்காரரோட காலை அவங்க காப்பாத்தினாங்களோ என்னவோ, என் பேரை நான்தான் காப்பாத்திக்கணும்" என்றாள். சாப்பாட்டில் கை போகவில்லை.

மறுநாள் காலை பாதிரியாரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினாள். இரண்டு பிலிம்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி உட்கார்ந்தாள். இதுவரை பார்த்த எல்லாரும் படத்தின் நடுவைத்தான் பார்த்திருந்தார்கள், அவள் உட்பட. கெட்ட எலும்பு, நல்ல எலும்பு, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இப்போது விளிம்பு விளிம்பாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அடியில் முழங்கால் தெரிந்தது. முட்டிச்சில்லின் வெளிப்பக்க மேல் மூலையில் நகக்கண் அளவில் ஒரு துண்டு, நடுவே கோடு விழுந்து, சில்லோடு சேராமல் தனியாக நின்றது. உடைந்ததல்ல, பிறவியிலேயே அப்படி. அவள் அடுத்த படத்தைப் பார்த்தாள். அதே மூலை. அதே துண்டு.

உடனே ஓடவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, விசாரணை நடந்த மாடிக்குப் போனாள்.

"சார், தபால்காரரை வரச் சொல்லுங்க. உங்க மூணு பேர் முன்னாடி இன்னொரு படம் எடுக்கறேன்."

அரைமணி நேரத்தில் தபால்காரர் பையும் கையுமாக வந்து மேசையில் படுத்தார். மூவரும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றார்கள். படம் இருட்டறையிலிருந்து ஈரத்தோடு வந்தது. முட்டிச்சில்லின் மூலையில் அதே தனித்துண்டு.

எலும்பு டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இது நூத்துல ரெண்டு பேருக்கு இருக்கும்மா. செத்தவருக்கும் இருந்திருக்கலாம்."

"இருக்கலாம் சார். ஆனா கோடு ஒரே மாதிரி வளைஞ்சிருக்குமா? நான் எப்பவும் ஒரு மீட்டர் தூரத்துலதான் எடுப்பேன், எக்ஸ்ரே குழாய் நிக்கற இடத்துக்குத் தரையில நானே கோடு போட்டிருக்கேன். அளவு மாறாது. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். திங்கட்கிழமைப் படத்தின்மேல் இப்போது எடுத்தது, அதன்மேல் வியாழக்கிழமைப் படம். கோட்டின்மேல் கோடு உட்கார்ந்தது. திருப்பி எடுத்து மறுபடி வைத்தார். மயிரிழை பிசகவில்லை. தபால்காரர் கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, "நான் போலாமா? தெருவுல பாதிப்பேருக்கு இன்னும் கடிதம் போய்ச் சேரல" என்றார்.

"போங்க" என்றார் டாக்டர். பிறகு அக்காவைப் பார்த்தார். "மூணும் ஒரே கால்தான். உங்களை நான் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது."

"உங்க வேலையை நீங்க செஞ்சீங்க சார்."

"சரி, அந்த எலும்பு மூணு நாள்ல எப்படி வந்துச்சு?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க. திங்கக்கிழமை அது அங்க இல்ல, வியாழக்கிழமை இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

டாக்டர் பேனாவை எடுத்து அறிக்கையில் எழுதினார்: 'படங்களில் பிழை இல்லை. நடந்ததற்கு மருத்துவ விளக்கம் எனக்குத் தெரியவில்லை.' அக்கா நெஞ்சு நிமிர வெளியே வந்தாள். எதிரில் வந்த கண்காணிப்பாளர் தாமாகவே வழிவிட்டு நின்றார்.

இன்னும் இரண்டு வருடம் கழித்து முத்திரை வந்தது. கோயில் மணி நிற்காமல் அடித்தது. சலவைக்கூடத்துப் பெண்கள் ஈரக்கையோடு வாசலுக்கு ஓடிவந்து, தங்களில் ஒருத்திக்கே பட்டம் சூட்டியதுபோல ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பவனியில் சிஸ்டரின் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தபால்காரர் முன்னால் போனார். அவர் போன வேகத்துக்குப் பின்னால் வந்த வாத்தியக்காரர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. "கொஞ்சம் மெதுவாப் போய்யா" என்று கூப்பாடு போட்டார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அக்காவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அதில் உட்காரவில்லை. சலவைக்கூடத்துப் பெண்கள் கையைப் பிடித்து இழுக்க, அவர்கள் நடுவில் புகுந்து, கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள்.