சாட்சி இல்லாத சாவி

என் கணவர் ஷாநவாஸ் வேலைக்காகப் பினாங்குக்குப் புறப்படுமுன் எனக்கு இரண்டு கணினிச் சாவிகள் செய்து கொடுத்தார். வெளிச் சாவியை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம்; அதனால் கடிதத்தைப் பூட்டத்தான் முடியும். திறக்கும் சாவி என் பென் டிரைவில் மட்டும். ரங்கூனில் அப்போது மின்னஞ்சலை யார் யார் படித்தார்களோ, அல்லாஹ்வுக்கே வெளிச்சம். வெளிச் சாவி என்னுடையதுதான் என்று, மொகல் தெருவில் இணையக் கடை வைத்திருந்த கோ ஆபித், அதாவது ஆபித் அண்ணன், அதில் தன் கணினிக் கையொப்பத்தைப் பதித்தார். நிக்காஹ்வுக்குச் சாட்சி மாதிரி என்று சிரித்தோம்.

இரண்டு வருடம் ஒழுங்காகப் போனது. 2009 மழைக்காலத்தில், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சோதிக்க அரசாங்க ஆட்கள் வருவதாகக் கேள்விப்பட்டதும், அவரைப் பெற்றவரான என் மாமி ரஹீமா பயந்துபோய்ப் பென் டிரைவைப் பின்சந்துச் சாக்கடையில் எறிந்துவிட்டார். திட்டி என்ன பயன்? புதுச் சாவிகள் செய்தேன். கையொப்பமிட ஆபித் இல்லை. கடையை மூடிவிட்டுத் தாய்லாந்து போயிருந்தார். நடந்ததை எழுதி, புது வெளிச் சாவியை அப்படியே அனுப்பினேன்.

மறுநாள் பூட்டாத பதில் வந்தது. "எழுதுறது நீதானான்னு எனக்கு எப்படித் தெரியும் புள்ள? ஃபோன் பண்ணி, புதுச் சாவியோட அடையாள எழுத்தை வாசிச்சுக் காட்டு."

எனக்குச் சுருக்கென்றது. நிக்காஹ்வில் இரண்டு பேர் சாட்சி சொன்னது போதாதா என்று மாமியிடம் பொரிந்தேன். நாற்பது எழுத்து, தெருமுனை ஃபோன் கடையில் ஐந்து நிமிட வேலை. மாமி தினமும் கெஞ்சினார். நான் ஒன்பது நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் பினாங்கிலிருந்து செய்தி வந்தது. கட்டடச் சாரம் சரிந்து அவர் மௌத்தாகிவிட்டார்.

இத்தா முடிய நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்தேன். பிறகுதான் மின்னஞ்சலைத் திறந்தேன். இறப்பதற்கு முந்தின நாள் நீளமாக ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். ஆபித் சாட்சி சொன்ன அந்தப் பழைய சாவியால் பூட்டியிருந்தார். விவரம் தெரிந்தவர்களிடம் காட்டினேன். தொலைந்த சாவி இல்லாமல் யாராலும் திறக்க முடியாது என்றார்கள்.

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. என் பெயரில் வேறு எவனாவது எழுதுகிறானோ என்றுதான் பயந்திருக்கிறார். என் குரலைக் கேட்டிருந்தால் நம்பியிருப்பார். பாவி நான், அதைக் கொடுக்கவில்லை.

கடிதம் வந்ததை அறிந்து மாமி கேட்டார். "என்னம்மா எழுதியிருக்கான்?"

அன்று சாக்கடையில் தான் எறிந்தது எது என்று இன்றுவரை அவருக்குப் புரியவில்லை.

"உங்களப் பத்திரமா பாத்துக்கச் சொல்லியிருக்காரு மாமி" என்றேன்.