பதினாலு ஊசி

வேகவைக்கப் போடும் முன் ஆஸ்பத்திரி ஊசிகளை ஒவ்வொன்றாகப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பது அஞ்சலாட்சியின் வழக்கம். பஞ்சு நூலாகப் பிடித்துக்கொண்டு வந்தால் முனை மழுங்கிவிட்டது என்று அர்த்தம். கல்லில் தீட்டத் தனியே வைத்துவிடுவாள். அன்று காலை மூன்றாவது ஊசியை இழுத்துக்கொண்டிருந்தபோது, கனகசெட்டிக்குளத்திலிருந்து தில்லையம்மாள் தன் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். ரஞ்சிதம் என்று பெயர். நாலு வயசு. வெறிநாய் கன்னத்தில் கடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மஞ்சளும் ஏதோ பச்சிலையும் அரைத்து அப்பியிருந்தார்கள்.

முத்தியால்பேட்டையில் அப்போது இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கூட்டுவது, கட்டுத்துணி அலசுவது, வெந்நீர் போடுவது எல்லாமே அஞ்சலாட்சிதான். ஆனால் அவள் பேர் வாங்கியது வேறொரு வேலையில். ஊசி அறையில் பிள்ளைகளைப் பிடிப்பாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் பிடியில் ஒரு பிள்ளை திமிறி ஊசி ஒடிந்ததில்லை. அதைக் கம்பவுண்டர் தெய்வசிகாமணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அந்தத் தெருக்களில் பிள்ளைகள் சோறு தின்ன மறுத்தால், "அஞ்சலாட்சியக் கூப்புடட்டா?" என்று தாய்மார் மிரட்டுவார்கள். முதலில் அவளுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. தன் சொந்தத் தங்கை மகன், அவள் அந்த வீட்டு வாசலில் கால் வைத்ததும் அரிசிப் பானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்ட நாளிலிருந்து சிரிப்பு வரவில்லை.

"பதினாலு ஊசி. தினம் ஒண்ணு, தொப்புளச் சுத்தி. ஒரு நாள்கூட வுடக் கூடாது" என்றார் தெய்வசிகாமணி. பிரெஞ்சுக்காரர் போய் மூன்று வருஷம் ஆகியும் எல்லாரும் அவரை முசியே என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை. "தாயி வெளிய இரும்மா."

"நான் பக்கத்துல நிக்கறேன் ஐயா. சின்னப் புள்ள."

"நீ நின்னா கூடத்தான் கத்தும். ரெண்டு நிமிசம்."

அஞ்சலாட்சி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "வலிக்காது கண்ணு" என்றாள். பன்னிரண்டு வருஷமாக எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னதுதான். கதவைச் சாத்தி, மேசையில் கிடத்தி, முழங்காலை ஒரு கையாலும் இரண்டு மணிக்கட்டையும் மறு கையாலும் அழுத்தினாள். ஊசி இறங்கியபோது ரஞ்சிதம் முதலில் கத்தவில்லை. ஏமாந்துபோனவள் மாதிரி அஞ்சலாட்சியின் முகத்தையே பார்த்தாள். பிறகுதான் கத்தினாள். வெளியே தில்லையம்மாள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் வயிறு வீங்கிக் கல்லாகிவிட்டது. நான்காம் நாள் பிள்ளை தாயின் கழுத்தை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. ஆறாம் நாள் அஞ்சலாட்சியைக் கண்டதுமே வாசலில் நின்றபடி பாவாடையை நனைத்துக்கொண்டாள். அன்று இன்னும் இறுக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. ஊசி முடிந்து வெளியே கொடுத்தபோது பிள்ளையின் மணிக்கட்டில் நாலு விரல் சிவப்பாகப் பதிந்திருந்தது. தில்லையம்மாள் அதைத் தன் முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். அது துடைத்தால் போகிற சிவப்பில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஏழாம் நாள் அவர்கள் வரவில்லை. எட்டாம் நாளும் வரவில்லை.

"புள்ளைக்கு எட்டு ஊசி பாக்கி முசியே."

"நாம என்னா பண்றது? வர்றவங்களுக்குத்தான் வைத்தியம்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் வெந்நீர் போடும்போதும் துணி அலசும்போதும் கண் வாசலுக்கே போனது. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்ததும் பஸ் ஏறிக் காலாப்பட்டில் இறங்கி, கரையோரமாகவே வடக்கே நடந்தாள்.

தில்லையம்மாள் மணலில் நெத்திலி காயப்போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம் பக்கத்தில் உட்கார்ந்து காக்காய் விரட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்துப் புண் ஆறி, பொருக்கு உதிர்ந்து, புதுத் தோல் பளபளத்தது. வருகிறவள் யாரென்று தெரிந்ததும் குச்சியைப் போட்டுவிட்டு, கரையில் ஏற்றிவைத்திருந்த கட்டுமரங்களுக்குப் பின்னால் ஓடினாள்.

"எதுக்கு வந்த?" என்றாள் தில்லையம்மாள், நிமிராமலே.

"ஊசி பாக்கி இருக்குது."

"நாயி கடிச்ச எடம் ஆறிடிச்சி. நீ புடிச்ச எடந்தான் ஆறல."

அஞ்சலாட்சி வெயிலில் அப்படியே நின்றாள். உட்காரச் சொல்ல யாருமில்லை.

"போன வருசம் ஒருத்தரு, ஆறிடிச்சின்னு இப்பிடித்தான் வூட்டோட இருந்துட்டாரு. அப்புறம் தண்ணிச் சொம்பப் பாத்தாலே கத்துனாரு. நாலு நாளு. அவ்ளோதான்."

நெத்திலியைப் புரட்டிய கை நின்றது. தில்லையம்மாள் கட்டுமரங்களின் பக்கம் பார்த்தபடி பேசினாள். குரலில் இப்போது கோபமில்லை.

"இடுப்புல தூக்குனாவே, எங்க கொண்டும்போறன்னு கேக்குறாக்கா. எங்கிட்ட இருந்தே ஓடுறா. நாந்தான அவள உங்கிட்டக் குடுத்துட்டு வெளிய போனேன்."

"இனிமே நான் தொட மாட்டேன். உம் மடியிலயே வச்சுக்கோ."

"அந்த ஆளு வுடுவாரா?"

"வுடுவாரு" என்றாள் அஞ்சலாட்சி. விடுவாரா என்று அவளுக்கே தெரியாது.

கட்டுமரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "வலிக்குமா?"

அஞ்சலாட்சி கிட்டே போகவில்லை. இருந்த இடத்திலேயே மணலில் குந்தினாள். வாய்க்கு வந்த பழைய வார்த்தையை விழுங்கினாள்.

"வலிக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"எனக்கு அஞ்சுதான் எண்ணத் தெரியும்."

"அப்ப அஞ்ச ரெண்டு வாட்டி எண்ணிக்கலாம்."

மறுநாள் காலை அவர்கள் வந்தார்கள். இடையில் விட்டுப்போனதால் முதலிலிருந்து பதினாலும் போடவேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிவிட்டார். அஞ்சலாட்சி ஒரு முக்காலியைத் தூக்கிவந்து ஊசி அறைக்குள் போட்டாள்.

"இது என்னா?" என்றார் தெய்வசிகாமணி.

"தாயி மடியில வச்சுக்கட்டும் முசியே."

"ஊசி ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீ புடிக்கலன்னா உனக்கு இங்க என்னா வேல?"

அவள் மேசையை விட்டு விலகி நின்றாள். முக்காலியை மட்டும் எடுக்கவில்லை. தெய்வசிகாமணி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, சில்லென்றிருந்த மருந்துக் குப்பியை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்டத் தொடங்கினார். சூடு ஏறினால் மருந்து இறங்கும்போது அவ்வளவு வலிக்காது. அது அவருக்கு எப்போதுமே தெரியும் என்பதை அஞ்சலாட்சி அன்றுதான் பார்த்தாள்.

ரஞ்சிதம் தாயின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலில் அழுதாள். அழுதுகொண்டே அஞ்சு சொன்னாள். மறுபடி ஒண்ணு சொன்னாள். வலிக்காமல் இல்லை. ஆனால் அந்த அழுகையில், கிணற்றில் விழுந்தவள் போடுகிற சத்தம் இல்லை. ஊசி முடிந்ததும் தாயின் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். கொஞ்ச நேரத்தில் தேம்பலும் நின்றது. நான்காம் நாள் அவளே சட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஐந்தாம் நாள், போகும்போது தாயின் தோளுக்கு மேலிருந்து, "ஏழு எண்ணக் கத்துக்கிட்டேன்" என்று அஞ்சலாட்சியிடம் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் பிள்ளை காய்ச்சலோடு வந்தாள். கன்னத்துத் தழும்பைச் சொறிந்துகொண்டே இருந்தாள். "காலையில இருந்து கஞ்சி எறங்கல. டம்ளர வாய்கிட்ட கொண்டும்போனா தட்டி வுடுறா" என்றாள் தில்லையம்மாள். சொல்லிவிட்டு, கடற்கரையில் கேட்டது ஞாபகம் வந்து, அஞ்சலாட்சியைப் பார்த்தாள். அஞ்சலாட்சி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பியிருக்கலாம் என்று பிறகு பலநாள் நினைத்தாள்.

பின்கட்டில் நாலு கட்டில் இருந்தது. அதில் ஓரத்துக் கட்டிலைக் கொடுத்தார்கள். ஜன்னலுக்குத் துணி கட்டினார்கள். காற்றுப் பட்டால்கூட உடம்பு தூக்கிப் போட்டது. டாக்டர் வந்து பார்த்து, இனி செய்ய ஒன்றுமில்லை என்பதைத் தில்லையம்மாளிடம் சொல்லாமல் தெய்வசிகாமணியிடம் சொன்னார். பிள்ளை அவஸ்தைப்படாமல் தூங்குவதற்கு ஓர் ஊசி எழுதிக் கொடுத்தார்.

நடுப்பகலில் தெய்வசிகாமணி அதை எடுத்து வந்தார். தில்லையம்மாள் மடியில் வைத்துப் பார்த்தாள், அணைத்துப் பார்த்தாள். நாலு வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, தாயின் பிடியில் நிற்கவில்லை.

"அக்கா, நீயும் புடி. என்னால தனியா முடியல."

அஞ்சலாட்சி தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். கட்டிலில் ஏறித் தில்லையம்மாளுக்குப் பின்னால் உட்கார்ந்து, தாயையும் பிள்ளையையும் சேர்த்து, நெஞ்சோடு வாங்கிக்கொண்டாள். தில்லையம்மாளின் முதுகு அவள் மேல் நடுங்கியது.

"இது கடைசி ஊசிடி எங்கண்ணு" என்றாள் தில்லையம்மாள். "இதோட வலி போயிடும். எண்ணு. ஒண்ணு..."

பிள்ளை எண்ணவில்லை. தாய்தான் எண்ணினாள். பத்துக்கு மேலும் எண்ணிக்கொண்டே போனாள். எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளையின் உடம்பு மெல்ல மெல்லத் தளர்ந்தது. மூன்று பேரும் அப்படியே வெகுநேரம் இருந்தார்கள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடலுக்குப் போயிருந்த தகப்பன் வந்து, தூங்கும் பிள்ளையைத் தூக்குவது போலத் தோளில் போட்டுக்கொண்டு போனான். தில்லையம்மாள் பின்னால் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"மூஞ்சிக் கடி, மூளைக்குச் சீக்கிரம் ஏறிடும். பதினாலும் ஒழுங்காப் போட்டிருந்தாலும் சொல்ல முடியாது" என்றார் தெய்வசிகாமணி, கை கழுவிக்கொண்டே. அவளுக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா தெரியவில்லை. அஞ்சலாட்சி கட்டில் துணியை உருவி எடுத்துக்கொண்டு போனாள். இடையில் விட்டுப்போன நாட்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எட்டாம் நாளே போயிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் நனைந்த கோணியைத் தலையில் போர்த்திக்கொண்டு ஒருத்தி இரண்டு வயசுப் பையனோடு வந்தாள். தொடையில் கட்டி, ஊசி போடவேண்டும். வழக்கம் தெரிந்தவள் போலிருக்கிறது, பிள்ளையை நீட்டிவிட்டு வெளியே போகத் திரும்பினாள்.

"நீயே வச்சுக்கோம்மா. உக்காரு" என்றாள் அஞ்சலாட்சி.

தெய்வசிகாமணி குப்பியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். கதவு திறந்தே கிடந்தது. அஞ்சலாட்சிக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஜன்னலோரம் போய் நின்றாள். ஓட்டிலிருந்து தண்ணீர் சரம்சரமாக விழுந்துகொண்டிருந்தது. கம்பிகளுக்கு இடையில் இரண்டு கையையும் வெளியே நீட்டினாள். மழை உள்ளங்கையில் நிறைந்து, விரலிடுக்கு வழியாக ஒழுகியது. பின்னால் பையன் வீரிட்டான். அவள் திரும்பவில்லை. கைகள் விறைக்கும்வரை அப்படியே வைத்திருந்தாள். அழுகைக்கு நடுவே ஒரு கணம் சத்தம் நின்றது. கன்னமெல்லாம் கண்ணீரோடு, தாயின் தோளுக்கு மேலிருந்து, பையன் அந்தக் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.